மாதபாவிலிருந்து தீபான்

மாதபா பஸ் நிலையத்தில்
அக்காஷ் கூவுகிறான்:
தீபான், தீபான், இன்னும் ரெண்டே சீட்டு.

வேதத்தில் அது தீபோன்.
மழித்த தலையோடு
மேட்டிலேறி அழுத ஊர்.
இன்று ஏறுகிறவள் ஃபித்தா,
மடியில் தக்காளிப் பெட்டி,
கால் தினார் பாக்கிக்குச் சண்டை.

இத்தனை நூற்றாண்டில்
ஓகாரம் ஆகாரமாயிற்று.
அவ்வளவுதான் சேதம்.

அர்னோன் வருமா என்றேன்.
அப்படியொரு ஸ்டாப்பே கிடையாது என்றான்.

மோவாபின் எல்லையாக
நான் விரல் வைத்துப் படித்த ஆறு
எங்கோ பேரைத் தொலைத்துவிட்டு
முஜிப் என்று ஓடுகிறது.

ஃபித்தா ஜன்னலைத் தள்ளினாள்.
"அந்தப் பள்ளத்தையா கேட்கிறாய்?
ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிற இடம்.
நாங்கள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
இறங்கிப் போவோம்."