மூன்று மணி, பின்கட்டு அறை

செவ்வாய் காலை ஏழு ஐம்பதுக்கே
எனக்குத் தெரிந்துவிட்டது.
லண்டனிலிருந்து பிரையனி எழுதியிருந்தாள்:
நாளை மூன்று மணி, அரை மணி நேரம்,
டூகல் லோரிமர், தலைப்பு வேண்டாம்,
நான்காம் மாடிக் கண்ணாடி அறை போதும்.

தலைப்பில்லாத கூட்டம் என்றால் என்னவென்று
பத்தொன்பது வருடமாகப் பிறர் நாட்களை
அடுக்கித் தருகிறவளுக்கு
யாரும் விளக்க வேண்டியதில்லை.
அடுத்த மின்னஞ்சல் அதைக்கூட மறைக்கவில்லை:
நாலு மணிக்கு நுழைவட்டையை முடக்கவும்.
ஜூரிச் விமானச் சீட்டில்
எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ஜன்னலுக்கு வெளியே எடின்பரோ இல்லை.
ஹார் என்பார்கள் இங்கே, அந்தக் கடல்மூட்டத்தை.
லீத் துறையிலிருந்து ஏறிவந்து
கோட்டை, கூம்பு, எதிர்வரிசை வங்கி
எல்லாவற்றையும் வாராக்கடனில் தள்ளியிருந்தது.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்பேன்.
நானூறு கோடி பவுண்டு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் பால், அச்சு மை,
லிஃப்ட் பழுதுபார்க்கும் காலமின் எண்,
யார் யாரோடு ஒரே காரில் ஏறமாட்டார்கள்
என்ற பட்டியல்;
அது மட்டும் எழுத்தில் இல்லை.

ஒன்பதேகாலுக்கு வந்தார்.
தலைக்கவசமெல்லாம் நீர்ப்பொடி.
"நாளை மூன்றுக்கு என்னமோ
போட்டிருக்கிறீர்களே, இஷ்பெல்?"
"லண்டன்காரர்கள்."
"எதையாவது படித்துவிட்டு வரணுமா?"
"வேண்டாம்."
அந்த வேண்டாம் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

நல்ல மனிதரா என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஆறு வருடத்துக்கு முன்
என் சம்பள உயர்வுக்கு எதிராகக் கை தூக்கியவர்.
கூட்டக் குறிப்பை எழுதியதே நான்தான்.
அவர் வாங்கிய நார்வே மீன்பண்ணைப் பங்கு
சரியா தப்பா, அதுவும் தெரியாது.
அது சரிந்த வாரம்
மதியச் சாப்பாடெல்லாம் ரத்து செய்யச் சொன்னார்,
அது தெரியும்.

ஆனால் கண்ணாடி அறை.
நாற்பது மேசையும் அதைப் பார்த்துத்தான்.
உள்ளே ஒருவர் தோள் இறங்குவதை
ஸ்டேப்லர் தேடும் சாக்கில்
வெளியே நாற்பது பேர் பார்ப்பார்கள்.
போன வருடம் வாரியை அங்கேதான் அனுப்பினார்கள்.
அவள் எத்தனை முறை மூக்கைச் சிந்தினாள் என்று
கணக்குப் பிரிவில் இன்னும் சொல்வார்கள்.

அதனால், திரை பழுது என்று பதிந்தேன்.
பொய்யாகிவிடக் கூடாதே என்று
போய் வயரைப் பிடுங்கினேன்.
கூட்டம் பின்கட்டு அறைக்கு மாறியது:
பழைய கோப்புகள், ஒற்றை ஜன்னல்,
சந்துக்கு இறங்கும் இரும்புப் படி.
டிஷ்யூ வைக்கவில்லை, வைத்தால் தெரிந்துவிடும்.
தண்ணீர் மட்டும்.

புதன், மதியம் ஒரு மணி.
கோட்டைப் பீரங்கி வழக்கம்போல் வெடித்தது,
சுற்றுலாக்காரர்கள் மட்டும் துள்ளினார்கள்.
அவர் நாட்காட்டியைத் திறந்தேன்.
நாலு மணிக்கு இதுவும் போய்விடும்.

மகளுக்கு செல்லோ வகுப்பு,
வாரந்தோறும், முடிவுத் தேதி இல்லை.
பாய்லர். நாய்க்கு ஊசி.
மார்ச்சில் காலாவதியாகும் கடவுச்சீட்டு.
திருமண நாள்: இரண்டு நாள் முன்பே நினைவூட்டவும்.
எட்டு வருடத்தில் ஒன்றையும்
அவர் ஞாபகம் வைத்ததில்லை.
வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.
கையாலேயே எழுதினேன்,
அச்சடித்தால் பதிவாகும்.

மூன்று இருபத்திரண்டு.
இரும்புப் படியில் காலடி.
எப்போதோ விட்ட சிகரெட்டைப் பிடிப்பவள்போலக்
கீழே நின்றிருந்தேன்,
கையில் அவர் கோட்டும் தலைக்கவசமும்.
"எப்போதிலிருந்து தெரியும்?"
"நேற்று, ஏழு ஐம்பது."
தலையசைத்தார். நன்றி சொல்லவில்லை.
காகிதத்தைப் படிக்காமலே மடித்தார்.
சைக்கிள் பூட்டைத் திறந்து, குனிந்தபடியே,
"செல்லோ புதனா வியாழனா?"
"வியாழன். ஐந்தரை."

மேலே போனேன்.
கண்ணாடி அறையில் நாலேகால் கூட்டத்துக்காரர்கள்
ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
"இது வேலையே செய்யலியே, இஷ்பெல்."
பார்க்கிறேன் என்றேன்.
மண்டியிட்டு
வயரைத் தேடினேன்.