முப்பத்தேழு டிகிரி

குழாயைச் சாய்த்தேன். ரத்தம் வழியவில்லை;
மணல்மணலாய்த் திரண்டு நகர்ந்தது.
என்ன வகை என்று கேட்டால்
எல்லா வகைக்கும் தலையாட்டியது.
பொய்.

மறுபடி எடுத்து, அக்குளில் இடுக்கி ஓடிவந்தேன்.
வெந்நீரில் திரள் பிரிந்தது: ஓ பாசிட்டிவ்.

ஸ்டெய்னுன், ஹூசாவிக் மீன் ஆலையில்
முப்பது வருஷம் காட் மீன் உறையவைத்தவள்.
"குளிர் எனக்குப் பழக்கம்" என்கிறாள்,
நீலம் பாரித்த காதுகளோடு.

நாலு டிகிரிப் பெட்டியிலிருந்து வந்த பை
சூடேற்றியின் சுருள்குழாயில் சுற்றிச் சுற்றி
அவள் உடம்பைக் கற்றுக்கொண்டு இறங்குகிறது.
யாரோ கதவைத் திறக்க,
"சாத்து!" என்று கத்துகிறேன்.

ஆறு மணி. விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
மூத்திரக் குடுவையைத் தூக்கி விளக்கில் பார்க்கிறேன்:
கறுப்பு இல்லை, வெறும் மஞ்சள்.
இதைப் பார்த்துச் சிரிக்கிற ஆள்
ஊரில் நான் ஒருவன்தான்.