உத்திராபதி, இடது, ஏழாவது பதிப்பு

மென்பொருளோடு இலவசமாக ஒரு கால் வரும்.
எந்த ஊர்க் கால் என்று எழுதியிருக்காது.
பிணங்கள் சிலவற்றின் சராசரி,
யாரும் ஒருநாளும் நடந்திராத கால்.
அதை உத்திராபதியின் உயரத்துக்கு இழுத்தேன்,
எடைக்குத் தக்கபடி ஊதினேன்.
நன்றாகவே நடந்தது,
கல்யாணத்துக்கு இரவல் சட்டையில் வந்தவன் மாதிரி.

அவருக்கு வலிப்பது இடது முழங்கால், உட்பக்கம்.
கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் போகும் தடத்தில்
இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர்.
"உக்காந்தா சரியாயிடும் மேடம்.
உக்காரத்தான் விட மாட்டேங்கிறாங்க."

தஞ்சாவூரில் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கேன்,
அப்போதுதான் எந்திரம் காலி.
நானூற்றுப் பன்னிரண்டு சீவல்கள்.
ஒவ்வொன்றிலும் எலும்பின் கரையை மவுஸால் வரைந்தேன்,
முந்நூறாவதில் தூங்கிவிட்டேன், கோடு தொடைக்கு வெளியே போய்
ஏதோ வாய்க்கால் மாதிரி கிடந்தது. அழித்தேன்.
தொடை எலும்பு நான்கு பாகை உள்ளே முறுகியிருந்தது.
சராசரிக்குத் தெரியாத நான்கு பாகை.
தசைநாண்களை அவிழ்த்து
அவர் எலும்பில் அவை ஒட்டிய இடம் பார்த்து
ஒவ்வொன்றாக மறுபடி கட்டினேன்.

வல்லத்தில் எங்கள் கூடம். பட்டாணி அளவுப் பந்துகள்
இடுப்பு முதல் கட்டைவிரல் வரை ஒட்டினோம்.
"தேரு ஜோடிக்கிறீங்களா?" என்றார்.
எடையறியும் தரைமேல் எட்டு முறை நடந்தார்.

கணக்கு ஓடியதும் ஒரு தசை சிவந்தது,
இடது இடுப்பின் வெளிப்பக்கம்,
தன்னால் முடிந்ததெல்லாம் கொடுத்தும் போதாமல்.
பந்து நழுவியிருக்கும் என்றேன்.
தரைத்தகடு பொய் சொல்கிறது என்றேன்.
நான்கு, ஐந்து, ஆறாவது பதிப்பு.
ஆறிலும் அந்த உடம்பு வலப்பக்கம் சாய்ந்தே போனது,
இடத்தோளில் எதுவோ தொங்குவதுபோல.
பார்த்தேன். திரையில் அங்கே ஒன்றுமில்லை.

"ரெண்டு மணிக்கு டூட்டி" என்று எழுந்தவர்
நாற்காலியில் வைத்திருந்த தோல்பையை எடுத்து
இடத்தோளில் மாட்டினார்.
நிமிர்ந்தார்.

"அப்படியே ஒருதரம் நடங்க."
"பையோடயா?"
"பையோடதான்."

தராசில் மூன்று கிலோ இருநூறு.
"இன்னிக்கு சில்லறை கம்மி" என்று மன்னிப்புக் கேட்டார்.
ஏழாவது பதிப்பின் தோளில் மூன்று கிலோ இருநூறை மாட்டினேன்.
சிவப்பு இறங்கியது.

மறுநாள் அவர் பேருந்திலேயே போனேன்,
காக்கிக்குள் சென்சார் கட்டி.
உமையாள்புரம் தாண்டி ஆற்றோடு வளையும் சாலையில்
எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள்.
அவருக்கு ஒரு கையில் மிஷின், ஒரு கையில் நோட்டு.
பிடிக்கக் கால்தான் இருந்தது.

எலும்பைச் சீவி நேராக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார்.
திரையில் வெட்டினால் ரத்தம் வராது,
பதினோரு முறை வெட்டிப் பார்த்துவிட்டேன்.
பையோடு நடக்கிறவருக்கு மூன்று பாகை போதும் என்கிறது.
ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறவருக்கு
ஏழு என்கிறது.
எந்த உத்திராபதியை மேஜையில் படுக்கவைப்பது?

காட்டினேன். தோலில்லாத கால்
ஓரிடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.
குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம்.
"இதுக்கு ஸ்டாப்பே கிடையாதா மேடம்?"

பொத்தானை அழுத்தினேன்.
குதிகால் தரைக்கு விரற்கடை மேலே
நின்றுவிட்டது.