குறடு

லாட வடிவம், என்றார் டாக்டர் அசிலோவா,
எக்ஸ்ரேயை ஜன்னலில் ஒட்டிப் பிடித்து.
பின்னால் பிஷ்கெக்கின் ட்ராலி பஸ் ஒன்று
எசெனின் பற்களுக்கு நடுவே போனது.
மண்டையில் அசைகிற எலும்பு கீழ்த்தாடை ஒன்றுதான்,
காதுக்குள் இருக்கும் மூன்று துணுக்குகளை விட்டால்.
மற்றதெல்லாம் ஒன்றோடொன்று தைத்துக்கொண்டு
சும்மா இருக்கிறது.
குதிரையின் லாடம் இவருடைய லாடத்தில் பட்டிருக்கிறது.
இடது மூலையில் ஒரு முறிவு,
வலது முகவாயோரம் இன்னொன்று.
வளைந்த எலும்பு
ஓரிடத்தோடு நிற்பது அபூர்வம்.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டினார்கள்.
ஆறு வாரம்.
கிளம்பும்போது நர்ஸ் என்னிடம் ஒரு சின்னக் குறடு தந்தாள்:
வாந்தி வந்தால் மூச்சடைக்கும், யோசிக்காதே,
நாலு கம்பி, இங்கே, இங்கே,
வெட்டிவிடு.

டோலோன் கணவாயில் பனி.
வண்டி வளைந்து வளைந்து ஏற
கோட்டுப் பைக்குள் அதைப் பிடித்தபடி
நரின் வரும்வரை
அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
பதினோரு வருஷத்தில்
அவனை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

உதைத்தது பந்தயக் குதிரை.
கோக்-போரு ஆட என்று வாங்கிய கறுப்பன்.
ஆட்டத்தில்கூட இல்லை,
லாரியில் ஏற்றும்போது.
வாங்கப் பணம் ஏது என்று கேட்டபோது
மென்று விழுங்கினான்.
என் பெட்டைக் குதிரை எங்கே என்றபோது
மேய்ச்சலில் என்றான்,
பிறகு சித்தப்பாவிடம் என்றான்,
பிறகு கதவைத் திறந்து விறகு எடுக்கப் போனான்.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
யாரோ அதன் வாயைத் திறந்து
பல்லைப் பார்த்து வயசு சொல்லியிருப்பார்கள்.
ஒன்பது.
எனக்குத் தெரியும், கேட்டிருக்கலாம்.

ஷோர்போவை மூன்று தடவை வடிகட்டுவேன்.
கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு சந்து,
அதில் குழாயை நுழைத்தால் இறங்கும்.
தூக்கத்தில் பல்லைக் கடிக்கப் பார்ப்பான்.
பொட்டில் விசிறிபோல ஒரு தசை
எழும், தணியும்.
தோலுக்கடியில் எதுவோ மேய்வதுபோல.

அப்போதுதான் பேச ஆரம்பித்தேன்.
இவனிடம் இப்போது அசைகிற எலும்பு
காதில் உள்ள மூன்றுதான்.
அவை போதும்.
பெட்டையைப் பற்றிப் பேசினேன்,
அதன் இடது காதின் கிழிசலை,
வெங்காய மூட்டையை அது தின்ற நாளை,
அப்பா கடிவாளத்தை என் கையில் வைத்து
எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனதை.
மகனின் கணக்கு நோட்டில் எசென் எழுதினான்:
தொண்ணூறாயிரம் சோம்.
அடித்தான்.
எண்பத்தைந்தாயிரம் என்று எழுதினான்.

நாலாவது வாரம் ஓர் இரவு
எழுந்து உட்கார்ந்து குமட்டினான்.
உதட்டை விரித்தேன்,
குறட்டின் முனை முதல் கம்பியில் இருந்தது.
வெறும் இருமல்.
மணிக்கட்டைப் பிடித்துத் தலையாட்டினான், வேண்டாம் என்று.
நான் எடுக்கவில்லை.
வெட்டினால் பேசுவானே என்று
ஒரு நொடி,
மூச்சுக்காக அல்ல,
அதற்காகவே கை இறுகியது.
பிறகு விளக்கை அணைத்தேன்.

கம்பி பிரித்த அன்று
வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை.
ஆறு வாரம் கழித்து எசென் சொன்ன முதல் வார்த்தை:
உப்பு கம்மி.

நான் சிரித்துவிட்டேன், அது வேறு.

தாடை எலும்புக்குள்ளேயே ஒரு நரம்பு ஓடுகிறதாம்,
முகவாய் பக்கத்தில் சின்னத் துளை வழியே வெளியே வந்து
உதட்டுக்குச் சூடு சொல்லும், ஈரம் சொல்லும்.
அது நசுங்கியிருக்கிறது.
வருஷத்தில் வரலாம், வராமலும் போகலாம்.
இடது கீழுதடு இப்போது அவனுடையதில்லை.
சூப் வழிந்தால் தெரியாது.

நேற்றும் வழிந்தது.
எதிரே உட்கார்ந்து
என் முகவாயைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் பார்த்தான்,
கையெடுத்து
கவனமாக, மெதுவாக
காய்ந்திருந்த பக்கத்தைத் துடைத்தான்.