ஓரோ பிரேத்தோவில் மூன்றாவது வாரம்

இந்த ஊரில் சமதளம் என்று ஒன்று
சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது.

மொசாம்பிக்கிலிருந்து போட்டுவந்த தட்டைச் செருப்பு
முதல் மழையிலேயே
தேவாலயப் படியில் என்னைக் கைவிட்டது.
உருண்டதைப் பார்த்த பழக்கடை ஜுரேமா
"ஓ, வந்துவிட்டாயா?" என்றாள்,
அதுவரை நான் வரவே இல்லை என்பதுபோல.

மாணவியர் வீட்டில் பன்னிரண்டு பேர்.
புதியவள்தான் காபி போட வேண்டும்,
கடைசியாகக் குளிக்க வேண்டும்.
வெந்நீர் தீர்ந்திருக்கும்.
இங்கேயும் அதே போர்த்துக்கீசியம்தான்;
ஆனாலும் நான் வாய் திறந்தால்
"இன்னொரு தரம் சொல்லு" என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு பழைய சுரங்கத்துக்குள்.
தலைக்கவசம் மூன்று முறை பாறையில் இடித்தது.
பேராசிரியர் டார்ச் அடித்துக் குவார்ட்ஸ் நாளத்தைக் காட்ட
எனக்குக் கண்ணில் பட்டவை உளித் தடங்கள்:
என் இடுப்பு உயரத்தில்,
எல்லாம் ஒரே பக்கம் சரிந்து.
வெட்டியவன் இடக்கையன்.
எந்தத் துறையில் அவனைக் கப்பலேற்றினார்களோ,
களக் குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
"சாய்வு முப்பது பாகை" என்று எழுதினேன்,
நானும் இடக்கையால்.
மை கலைந்து உள்ளங்கை ஓரமெல்லாம் நீலம்.

இரவு மொவாட்டிஸேயிலிருந்து அப்பா,
நிலக்கரி இருமலோடு:
"தங்கம் பார்த்தாயா, ஃபெலிசார்தா?"
"கோயிலுக்குள் இருக்கிறது அப்பா.
கூரை வரைக்கும்."

கொஞ்ச நேரம் இருமல்கூட இல்லை.

பிறகு,
"நல்ல செருப்பாக ஒன்று வாங்கு" என்றார்.