அரை நிமிடம்

வக்கீல் தில்ஷாத்தின் அட்டையில் முப்பது டாலர் கட்டினேன்.
ஆறாம் நாள் வந்து இறங்கியது சேலம்,
நீளவாக்கில், நாடாபோல்,
அறுபத்தேழு நவம்பரின் ஒரு காலை.

யார் எடுத்தது என்றார் நீதிபதி.
அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள், ஐயா.
எதற்கு?
தெரியாது. யாருடைய ஏவுதளத்தையோ தேடிப் போய்ச்
சுருளில் மிச்சம் இருந்திருக்கும்.
கல்யாணம் முடிந்து கழுவக் கொடுக்கும் அவசரத்தில்
கடைசி இரண்டு பிரேமுக்குப்
பந்தக்கால் ஓரம் படுத்திருக்கும் நாயை எடுப்பார்களே,
அப்படி.

கோர்ட் சிரித்தது.
அந்தச் சுருள் வானத்திலிருந்து
தங்க முலாம் பூசிய வாளியில் விழுந்தது,
கடலுக்கு மேலே குடை விரித்து;
பாதாளக்கரண்டி வீசிக் குடம் எடுப்பதுபோல்
ஒரு விமானம் அதைக் கொக்கியில் மாட்டியது.
இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
தில்ஷாத் மேசைக்கடியில் காலை மிதித்தார்.

எதிர்த்தரப்பு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது:
கறுப்பாக இருப்பதெல்லாம் ஏரியா?
சுருளில் மின்பொறி பட்ட கறை.
எடுத்தவர் கூண்டில் ஏறுவாரா?
சான்றிதழில் யார் கையெழுத்து?

பொறி பட்டால் படத்தில் வெளுக்கும்.
கறுப்பது தண்ணீர்தான்.
கேட்க ஆளில்லை. வாய்தா, தை பதினெட்டுக்கு.

சூரமங்கலத்தில், டயர் கடை மாடியில்,
இரட்டைக் கண்ணாடியின் கீழே
இரண்டு பிரேமையும் அருகருகே வைத்தேன்.
ஒரு கேமரா முன்னால் பார்த்துப் போனது,
ஒன்று பின்னால் பார்த்துப் போனது,
ஒரே நிலத்தை, அரை நிமிட இடைவெளியில்.

நகர்த்தினேன், நகர்த்தினேன்,
சட்டென்று ஒட்டியது.
சேர்வராயன் மலை மூக்கில் இடிக்கிற உயரத்துக்கு எழுந்தது.
சுண்ணாம்புக் கரடு கண்ணைக் கூசவைத்தது,
தோண்டிய பள்ளங்கள் உட்பட.
பிறகு, கோணமடை ஏரியின் கரை.
கறை எழுந்து நிற்காது.
இது நின்றது. மதகு நின்றது.
உள்ளே தண்ணீர் தட்டையாய், அசையாமல்,
இன்றைக்கு மனை எண் நாற்பத்தொன்று இருக்கும் இடத்தில்,
வாரம் இரண்டு லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில்.

எழுதி முடித்து விளக்கணைக்கப் போனவன்
கரைமேல் ஒரு புள்ளியைப் பார்த்தேன்.
ஆளாக இருக்க முடியாது, ஆள் இதில் தெரியாது.
மாட்டுவண்டி, அல்லது ஆட்டுமந்தை,
அல்லது வெறும் தூசி.

ஆனால் புள்ளி கரையில் இல்லை.
கரைக்கு மேலே, காற்றில்,
ஒரு பனைமர உயரத்தில் தொங்கியது.

அசையாதவை தரையில் ஒட்டும்.
அந்த அரை நிமிடத்தில் நடந்தவை
இப்படித்தான் மிதக்கும்.

மனுவில் இதைச் சேர்க்கவில்லை.