மூன்றாவது கட்டம்

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
அவர் சொன்னது.
நான் சொன்னது.
எனக்குத் தோன்றியது.
கடைசிக் கட்டம் மேற்பார்வையாளருக்கு,
அதில் நம் பேனா படக்கூடாது.

இருநூறு மணி நேரக் களப்பயிற்சியில்
முப்பத்தொன்று முடிந்திருந்தது.
ரோலாவில் பஸ் ஏறி
ஆகஸ்டு முழுக்கக் கண்ணாடியில் வியர்த்து வழிய
ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்குள்
அடையாள அட்டை கழுத்தோடு ஒட்டிவிடும்:
ஷிஃபானா, சமூகப்பணி, மூன்றாம் ஆண்டு.

நாலாவது மாடி, பதினேழாம் கட்டில், சந்தியாகு.
கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டுகிறவர்.
சர்க்கரை. ஆணி குத்திய புண்.
முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று.
"உங்கள் மொழிக்காரர், நீயே போ" என்றார் ஹனான் மிஸ்,
என் தமிழ்
இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டைத் தாண்டிப்
போனதே இல்லை என்று தெரியாமல்.

"பாப்பாவுக்கு எந்த ஊரு?"
ஷார்ஜா.
"அதில்ல. சொந்த ஊரு."
காயல்பட்டினம் என்றேன்.
எல்லா லீவையும் கூட்டினால்
அங்கே நான் இருந்தது நூறு நாள் வராது.
இது எந்தக் கட்டத்தில் வரும்?

இன்ஷூரன்ஸ் கடிதம், கம்பெனிக் கையெழுத்து,
செயற்கைக் காலுக்கு விண்ணப்பம்,
லிஃப்டில் ஒத்திகை பார்த்த அத்தனையும் சொன்னேன்.
வகுப்பில் பாடம் கேட்பவர் போலக் கேட்டார்.
பிறகு,
"வீட்டுக்கு ஒரு போன் போடணும்.
நைட் டூட்டி, தூங்குறாருன்னு சொல்லுங்க.
நான் பேசினா என் குரலிலேயே புடிச்சிருவா."

சேவை பெறுபவருக்காகப் பொய் சொல்லலாமா?
பத்து மதிப்பெண் கேள்வி.
கூடாது என்று இரண்டு பக்கம் எழுதி
ஒன்பது வாங்கியிருக்கிறேன்.

வராந்தாவில், ஜூஸ் மெஷின் உறுமும் இடத்தில் நின்று
முதுகுளத்தூர் பக்கத்துக்கு எண்களை அழுத்தினேன்.
"ஆபீஸ்ல இருந்து பேசுறேன்.
அவங்களுக்கு நைட் டூட்டி…"

கோழிகள் சத்தம், கொஞ்ச நேரம்.

"எந்தக் காலும்மா?
ரூம்ல கூட இருக்கிற பையன் போட்டோ அனுப்புனான்,
போர்வை மூடிக் கெடந்துச்சு."

"இடது" என்று என் வாய் சொன்னது.
ரகசியம் காத்தல், அத்தியாயம் மூன்று,
அதைச் சொல்லி முடித்தபின்தான் நினைவுக்கு வந்தது.

"வாசப்படிய இடிச்சுச் சரிவாப் பூசியாச்சு.
தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்.
எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிறாதீக.
அவரா சொல்லட்டும்."

அவர் தலையணையை நிமிர்த்திக் காத்திருந்தார்.
"என்ன சொன்னா?"
நல்லாத் தூங்கட்டும்னாங்க.
"நம்பிட்டாளா?"
ம்.
"வெவரம் பத்தாது அவளுக்கு" என்று
பக்கத்துக் கட்டில் வங்காளிக்கு
இந்தியில் எடுத்துச் சொல்லிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அதையாவது படிவத்தில் எழுதியிருக்கலாம்.

மாலை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு
முதல் கட்டத்தில் போனைப் பற்றி ஒரு வரி எழுதினேன்.
இரண்டாவதில்
எழுதி அடித்தேன், எழுதி அடித்தேன்.
மூன்றாவதில்:
சிமெண்டு காய எத்தனை நாள் ஆகும்?

ஹனான் மிஸ்ஸின் பச்சை மை மறுநாள் சொன்னது:
இது கேள்வி, உணர்வு அல்ல. விரிவாக எழுதவும்.
கீழே கையெழுத்து.
நான்கு மணி நேரம்.
மொத்தம் முப்பத்தைந்து.